இரண்டு ஏக்கர் சரிவில் 32 வீடுகள்: ஹட்டன் புறநகரில் குடியிருப்புப் பெருக்கம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டு ஏக்கர் என்றால் 320 பேர்ச். பாதைக்கும், நீர் வடியும் கானுக்கும் ஐந்தில் ஒரு பங்கை விட்டால் மிச்சம் 256. எட்டு எட்டு பேர்ச்சாக வெட்டினால் 32 துண்டு. இலங்கை மலையகத்தில், ஹட்டனை அடுத்த டிக்கோயாப் பக்கமோ கொட்டகலைப் பக்கமோ காணி தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. தரகர் வாயைத் திறந்தாலே இதுதான் வரும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் இரண்டு ஏக்கர், பெயர் சொல்லக்கூடிய ஒரு தனிக் காணி இல்லை. ஹட்டனைச் சுற்றியுள்ள சரிவுகளில் வழமையாக நடப்பதை ஓரிடத்தில் குவித்துப் பார்ப்பதற்காக எடுத்த மாதிரிக் காணி அது. சட்டங்கள், நிறுவனங்கள், ஆண்டுகள் எல்லாம் உள்ளபடியே. கேட்க வருவது ஒரே கேள்வி: இந்த 32 வீடுகளும் எந்த வேகத்தில் வரவேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

நகரத்துக்கு ஏன் பக்கவாட்டில் இடமில்லை

ஹட்டன் ரயிலால் வளர்ந்த ஊர். 1884இல் பாதை வந்து சேர்ந்தது. கடைத்தெரு பாதையோடு ஒட்டிக்கொண்டு நீண்டது. சுற்றிவர தேயிலை. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்ற உச்சவரம்பை வைத்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசின் கைக்குப் போயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் வந்தது. குத்தகை 2045 வரை ஓடுகிறது. ஆக நகர எல்லையைத் தாண்டிக் கால் வைத்தால் அது பெரும்பாலும் குத்தகை மண். நகரம் அங்கே வளர முடியாது.

வேறு ஊர்களில் நகரத்தின் பரவலைத் தடுக்கப் பச்சை வலயம் என்று ஒன்றைத் திட்டமிட்டு வரைவார்கள். இங்கே யாரும் வரையவில்லை. குத்தகைப் பத்திரமே அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் தேவை நிற்கவில்லையே. பிள்ளையை ஹட்டன் பாடசாலையில் சேர்க்க விரும்பும் ஆசிரியர், சவூதியிலிருந்து காசு அனுப்பும் தாய், கொழும்பில் கடையில் நிற்கும் பையன், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தை விட்டு வெளியேறத் துடிக்கும் குடும்பம் என்று எல்லோரும் வாங்கக்கூடியது நகரைச் சுற்றி மிஞ்சிக் கிடக்கும் சின்னச் சின்னத் தனியார் காணிகளைத்தான். அவற்றில் சமதரை எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது விலைக்கு வருவது, பராமரிக்காமல் காடேறிய பழைய சிறு தேயிலைத் தோட்டம். பெரும்பாலும் செங்குத்து.

ஒரு கோப்பு போகும் பாதை

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. அந்த அதிகார சபையின் பிரகடனத்துக்குள் வராத பகுதிகளுக்கு 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்ட, 2011 முதல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் வேண்டும். அந்த நிறுவனம் 1:10,000 அளவில் மண்சரிவு அபாய வரைபடங்களே தயாரித்து வைத்திருக்கிறது.

வீடு கட்டுகிறவர் படவரைஞரிடம் பிளான் கீறுகிறார். உறுதிப்பத்திரம், நில அளவைப் படம், வீதிக்கோட்டுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு நகர சபையிலோ பிரதேச சபையிலோ கொடுக்கிறார். தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் இடத்தைப் பார்க்கிறார்கள். மண்சரிவு அறிக்கை வருகிறது. திட்டமிடல் குழு கூடுகிறது. பிளான் பாஸ். கட்டி முடித்தபின், பிளான்படி கட்டியதற்கான சான்றிதழான சீஓசி. ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. அந்தக் கேள்வி எப்போதும் இந்த வீட்டைப் பற்றியது. இந்த எட்டு பேர்ச் தாங்குமா, இந்தச் சுவருக்கும் எல்லைக்கும் இடைவெளி சரியா, இந்த மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம்.

முதல் வீட்டுக்கு அறிக்கை எழுதுகிற நாளில் மேலே 31 துண்டும் வெறும் புல். அதனால் அறிக்கை சரியானதே. பதினைந்தாவது வீட்டுக்கு வரும்போது மேலே மண்வெட்டும் பெக்கோ இயந்திரம் நாலு படி வெட்டியிருக்கும். அந்த வீட்டுக்கும் அன்றைய நிலையில் அறிக்கை சரியாகவே இருக்கும். 32 சரியான பதில்கள் சேர்ந்து ஒரு பிழையான சரிவு உருவாகிறது. இதில் எந்த அதிகாரியையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. கேட்கப்படாத கேள்விக்கு அவர் எப்படிப் பதில் எழுதுவார்?

இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரு ஹெக்டயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால் பத்து வீதத்தைப் பொதுத் தேவைக்கும் விளையாட்டிடத்துக்கும் விடவேண்டும் என்பது 1986 முதலே இருக்கிற விதி. ஒரு ஹெக்டயர் என்பது 2.47 ஏக்கர். நமது இரண்டு ஏக்கர் அதற்குக் கீழே நிற்கிறது. பக்கத்தில் இன்னொரு இரண்டு ஏக்கர் இருந்து, அதே ஆள் இரண்டு வருடம் கழித்து அதையும் பிரித்தாலும் கீழேதான். கொழும்புப் புறநகரின் தட்டையான நிலத்தில் இது சிறுவர் பூங்கா ஒன்றை இழக்கிற விஷயம். மலையில், தண்ணீர் வடிந்து போவதற்குக் கட்டிடமில்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒரே பள்ளத்தை இழக்கிற விஷயம்.

தண்ணீர்க் கணக்கு

ஒரு வீட்டுக் கூரை 900 சதுர அடி என்று வைப்போம். 32 வீட்டுக்கும் 28,800 சதுர அடி, ஏறத்தாழ 2,675 சதுர மீற்றர். 24 மணித்தியாலத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் கூரைகளில் மட்டும் 267,000 லீற்றருக்கு மேல் விழும். ஒன்பதாயிரம் லீற்றர் பவுசரில் அள்ளினால் 30 பவுசர். 100 மில்லிமீற்றர் எனச் சும்மா எடுக்கவில்லை: கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோலில் ஒரு நாளில் 75 வந்தால் விழிப்பு, 100 வந்தால் எச்சரிக்கை, 150 வந்தால் வெளியேற்றம். முன்பு அந்த மழையைத் தேயிலைச் செடியும் மண்ணும் பழைய தோட்டக் கானும் பங்கு போட்டுக்கொண்டன. தோட்டத்துக் கானை வெட்டியவர்கள் நம் பாட்டன்மார். சரிவுக்குக் குறுக்கே, மெல்லிய சாய்வில், வருடா வருடம் மண்ணள்ளிப் பராமரித்த கான்கள் அவை. காணியைத் துண்டு போடும்போது முதலில் மூடப்படுவதும் அவைதான். நில அளவைப் படத்தில் அவற்றுக்குக் கோடே கிடையாது.

மழையாவது வந்து போகும். கழிவுநீர் தினசரி. வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு 120 லீற்றர் என்று கணக்கிட்டால் 32 வீடுகளிலிருந்தும் நாளொன்றுக்கு 15,000 லீற்றருக்கு மேல் குழிகள் வழியாக அதே சரிவுக்குள் இறங்குகிறது. வருடத்துக்கு 56 லட்சம் லீற்றர். அதை இரண்டு ஏக்கரில் பரப்பினால் ஏறக்குறைய 690 மில்லிமீற்றர் மழைக்குச் சமம். பங்குனியிலும் நிற்காத மழை அது. பீலித்தண்ணீரைக் குழாய் போட்டு வேறு மலையிலிருந்து கொண்டுவந்தால் முழுவதும் புதுச் சுமை.

மண்ணுக்குள் தேங்கும் நீர் என்ன செய்யும் என்பதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. 1990களின் முற்பகுதியில் வட்டவளையில் ரயில் பாதை ஓடிய சரிவே மெல்ல நகரத் தொடங்கியது. உள்ளே துளையிட்டு நிலத்தடி நீரை வடியவிட்ட பிறகே கட்டுக்குள் வந்தது.

கொட்டகலைக்குப் போகும் வழியில் புதிதாக எழும்பிய ஒரு தாங்கு சுவரைப் பார்த்தேன். பத்தடி உயரம், கருங்கல், நல்ல வேலை. நீர் வடிய வரிசையாக பிவிசி குழாய்த் துண்டுகள் வைத்திருந்தார்கள். கீழ் வரிசை முழுவதும் சீமெந்து பூசி அடைபட்டிருந்தது. மேசன் பாஸ் அங்கேதான் நின்றார்.

“ஏண்ணே, இத அடச்சிட்டீங்க?”

“மழை வந்தா செம்மண் தண்ணி ஊத்துது தம்பி. வெள்ளையடிச்ச சுவரு கறையாப் போகுதுன்னு வீட்டுக்காரம்மா சொன்னாங்க. அடைக்கச் சொன்னா அடைக்கத்தானே வேணும்.”

“உள்ள தண்ணி நின்னா சுவர் தள்ளுமே?”

“மேல் வரிசை இருக்குதானே” என்றார், கரண்டியைத் துடைத்துக்கொண்டே.

பிளானில் அந்தக் குழாய்கள் நிச்சயம் இருந்திருக்கும். சீஓசி கொடுத்த பிறகு யாரும் திரும்பி வந்து பார்ப்பதில்லை. பார்க்க ஆளும் இல்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள்தான் அதிகம் இழந்தன. அவ்வளவு மழைக்கு மனிதன் தொடாத காட்டுச் சரிவுகளும் இடிந்தன. எல்லாவற்றையும் வீட்டுக்காரர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் அதன் பின் பாதுகாப்பான காணி தேடுவோரின் வரிசை நீண்டிருக்கிறது. இருக்கிற கொஞ்ச நிலத்தின் மீது அழுத்தம் முன்னைவிடக் கூடிவிட்டது.

பெட்டலூமாவும் ரமாப்போவும்

ஒரு புறநகர் தன் வளர்ச்சிக்கு ஆண்டுக் கணக்கு வைத்ததில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது கலிபோர்னியாவின் பெட்டலூமா. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, ஒரு காலத்தில் முட்டைக்குப் பேர்போன ஊர். நெடுஞ்சாலை வந்ததும் புறநகராயிற்று. 1950இல் பத்தாயிரம் பேர் அளவில் இருந்த ஊரில் 1970இல் 25,000 பேர் அளவுக்கு வந்துவிட்டார்கள். 1970இல் 591 வீடுகள், 1971இல் 891. பாடசாலைகள் இரண்டு நேர முறைக்குப் போயின; கழிவுநீர் ஏற்பாடு திணறியது. 1971இல் தற்காலிகமாகப் புதுத் திட்டங்களை நிறுத்திவைத்துவிட்டு, 1972இல் ஆண்டுக்கு 500 வீடு என்று ஐந்தாண்டுக்கு வரம்பு போட்டார்கள். யாருக்கு அனுமதி என்பதைப் புள்ளி போட்டுத் தீர்மானித்தார்கள். குறைந்த, நடுத்தர வருமானக்காரருக்கு 8 முதல் 12 வீதம் வரை ஒதுக்கவும் சொன்னார்கள். கட்டட நிறுவனங்கள் வழக்குப் போட்டு 1974இல் கீழ் நீதிமன்றத்தில் வென்றன. 1975இல் மேன்முறையீட்டில் நகரம் வென்றது.

இதை அப்படியே ஹட்டனுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. பெட்டலூமாவின் வரம்பு ஐந்து வீடுகளோ அதற்கு மேலோ கட்டும் திட்டங்களுக்கு மட்டுமே. அங்கே ஒரு கம்பனி நூறு வீட்டைக் கட்டி விற்கும். இங்கே 32 துண்டுக்கும் 32 சொந்தக்காரர், 32 மேசன் பாஸ், 32 கடன். ஒருவர் சீட்டு எடுத்துக் கட்டுகிறார், ஒருவர் ஏழு வருடம் அத்திவாரத்தோடு நிறுத்தி வைக்கிறார். வீட்டை எண்ணி வரம்பு போட்டால் அந்த வலையில் ஒரு மீனும் சிக்காது.

நியூயோர்க் மாநிலத்து ரமாப்போ நமக்கு நெருக்கம். 1969இல் அந்த ஊர் எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. கழிவுநீர், வடிகால், பாதை, பூங்கா, தீயணைப்பு நிலையம் ஆகியவற்றுக்கு உங்கள் காணி எவ்வளவு கிட்ட என்று புள்ளி கொடுத்தது. 15 புள்ளி இருந்தால் கட்டலாம்; இல்லாவிட்டால் நகரம் வசதி கொண்டுவரும்வரை பொறுங்கள், அல்லது நீங்களே செலவு செய்து போடுங்கள். எல்லா வசதியையும் கொண்டுவர 18 ஆண்டுத் திட்டம் ஒன்றையும் சபை தன் கழுத்தில் கட்டிக்கொண்டது. 1972இல் மாநில உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. முதலில் கான், பிறகு வீடு என்ற வரிசையை அவர்கள் சட்டமாக்கினார்கள்.

இரண்டு ஊர்களின் மீதும் இன்றுவரை ஒரு குற்றச்சாட்டு உண்டு: உள்ளே இருப்பவர் வசதிக்காக வெளியே இருப்பவருக்குக் கதவடைத்தார்கள், அதனால் விலை ஏறியது என்று. மலையகத்தில் இதை லேசாகக் கடக்க முடியாது.

லயத்தின் பக்கம் வேகமே இல்லை

வேகத்தைக் குறைக்கவேண்டும் என்று ஹட்டன் கடைத்தெருவில் நின்று சொல்வது சுலபம். ஐந்து மைல் தள்ளி, பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக்காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்புகிறது. அவர்களுக்கு வீடு கட்ட 7 பேர்ச் காணி என்பது 2015க்குப் பின் வந்த பேச்சு. பின்னர் அது 10 பேர்ச் ஆனது. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடு. 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் இன்னும் 10,000 வீடு அறிவித்தார். அந்தப் பத்தாயிரத்தில் 1,300 வீட்டுக்கு அடிக்கல் நட்டது 2024 பெப்ரவரியில். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்ற 33ஆம் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், தோட்ட வீடமைப்புத் திட்டத்தில் மண்ணை முழுக்கப் பரிசோதித்து, பாதை கான் எல்லாம் சேர்த்து ஒரே தொகுதியாக இடம் தெரிவு செய்கிறார்கள். தனியார் காணிக்கு இல்லாத ஒழுங்கு அங்கே இருக்கிறது, இல்லாதது வேகம். காத்திருக்க முடியாதவர்கள் லயத்தின் வாசலில் தகரக் குசினி போடுகிறார்கள், பின்பக்க மேட்டைக் கொத்தி அறை கட்டுகிறார்கள். அதற்குப் பிளானும் இல்லை, அறிக்கையும் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தபோது, அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது தெரியவந்தது. எச்சரிக்கையைக் கேட்டவர்களுக்குப் போய் இருப்பதற்கு ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை.

ஆகவே ஹட்டனில் எந்த வரம்பு வந்தாலும் லயத்திலிருந்து வெளியேறும் குடும்பங்களின் காணி அந்த எண்ணுக்கு வெளியே நிற்கவேண்டும். இல்லாவிட்டால் காலம் முழுக்கக் கேட்ட ‘இப்போது முடியாது’ இன்னொரு காரணத்தோடு திரும்பி வரும்.

எங்கே கை வைப்பது

என் கணிப்பில் வேகம் தீர்மானமாவது வீட்டுப் பிளான் பாஸாகும் நாளில் இல்லை. காணி துண்டாகும் நாளில். 32 உறுதிப்பத்திரம் எழுதிய பிறகு 32 பேருக்கும் உரிமை வந்துவிடும். அதன் பின் எந்தத் தவிசாளராலும் ‘நீங்கள் அடுத்த வருடம் வாருங்கள்’ என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

ஆகவே நிலப் பிரிப்பு அனுமதியைத்தான் இறுக்கவேண்டும். மண்சரிவு அறிக்கை துண்டுக்குத் துண்டு போகாமல், முழுச் சரிவுக்கும், 32 கூரையும் 32 குழியும் வந்துவிட்டதாக வைத்து எழுதப்படவேண்டும். பழைய தோட்டக் கான்கள் நில அளவைப் படத்தில் ஏறவேண்டும். ஒரு ஹெக்டயர் என்ற எல்லை மலை மாவட்டங்களுக்குப் பொருந்தாது. அரை ஏக்கருக்கே விதி பாயலாம், ஒரே உரிமையாளரின் அடுத்தடுத்த காணிகளை ஒன்றாக எண்ணலாம். விற்பவர் கானையும் பொதுக் கழிவுநீர்த் தொட்டியையும் போட்டு முடித்த பின்னரே முதல் துண்டு விற்கப்படவேண்டும். 32 துண்டையும் ஒரே மூச்சில் திறக்கவும் வேண்டாம். எட்டைத் திறந்து, ஒரு தென்மேல் பருவமழை போகட்டும். தாங்கு சுவரில் வெடிப்பு, கீழ் வீட்டு முற்றத்தில் புது ஊற்று, சாய்ந்த மின்கம்பம் ஏதாவது உண்டா என்று பார்த்துவிட்டு அடுத்த எட்டு.

இதில் தரகர்களின் வாதம் ஒன்று உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது: செலவு கூடினால் பேர்ச் விலை ஏறும், வாங்க முடியாதவர் பிளான் இல்லாமலே கட்டுவார், பிறகு தண்டம் கட்டி, கட்டிய பின் கொடுக்கும் அனுமதியான கவரிங் அப்ரூவல் எடுப்பார். நடக்கும். அனுமதியில்லாக் கட்டடத்தை நீதவான் உத்தரவோடு இடிக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தில் 28அ பிரிவு இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் குடியிருக்கும் வீட்டுக்கு அதைப் பாவிக்க யாருக்கு மனம் வரும்? ஆகையால் தடுப்பு பெக்கோ இறங்குவதற்கு முன் இருக்கவேண்டும். முதல் படி வெட்டும்போதே கிராம உத்தியோகத்தருக்குத் தெரிந்துவிடும்; தகவலைச் சபைக்குச் சொல்வது கடமை என்று ஆக்கினால் போதும்.

இன்னொரு சிக்கல் எல்லை. ஹட்டன்–டிக்கோயா நகர சபையைச் சுற்றி அம்பகமுவ, நோர்வூட், கொட்டகலைப் பிரதேச சபைகள். கடைசி இரண்டும் 2018இல் பிறந்தவை. 2023 மார்ச் தொடக்கம் 2025 மே தேர்தல் வரை இந்தச் சபைகள் எதிலும் தெரிவான உறுப்பினர்கள் இருக்கவில்லை, இப்போது இருக்கிறார்கள். ஒரு சபை இறுக்கினால் தரகர் எல்லைக் கல்லைத் தாண்டி அடுத்த சபையில் காணி காட்டுவார். தண்ணீருக்கு அந்தக் கல் தெரியாது. நான்கு சபைகளும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் ஒரே மேசையில் இருந்து, ஒரு வருடத்துக்கு எத்தனை புதுத் துண்டு என்று ஒரு பொது எண்ணைப் போடாவிட்டால் மேலே சொன்ன எதுவும் நிற்காது.

அந்தப் பேச்சு தொடங்கிய செய்தி வெளியே கசிந்தால், விதி வருமுன் பிரித்துவிட வேண்டும் என்று எல்லோரும் பெக்கோவைக் கூப்பிடுவார்கள். பெட்டலூமா திட்டத்தை எழுதுவதற்கு முன்னரே புதுத் திட்டங்களை நிறுத்திவைத்தது இதற்காகத்தான். இங்கும் எண் போடும்வரை புதிய நிலப் பிரிப்பு விண்ணப்பங்களை மட்டும், திகதி குறித்து, நிறுத்திவைக்கலாம். ஏற்கெனவே உறுதிப்பத்திரம் எழுதிய துண்டுகளில் வீடு கட்டுவோரின் ஃபைல்கள் வழமைபோலவே போகட்டும்.